மூன்று பின் பிளக்கும் வேற்று நாட்டுச் சாக்கெட்டும்: எர்த் அறுபடாமல் இணைக்க எது சிறந்த வழி?

படிப்புக்கோ வேலைக்கோ சில நாள் பயணத்துக்கோ வேறு நாடு செல்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “என் கருவியின் பிளக் அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது, எந்த அடாப்டரை வாங்குவது?” கேள்வி ஒன்றுபோல் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. பிளக்கின் வடிவம் பொருந்துமா, வோல்டேஜ் பொருந்துமா, கருவியின் எர்த் கம்பி சுவரிலுள்ள எர்த்தோடு சேருமா என்பவை அவை. வடிவம் பொருந்தாவிட்டால் பிளக் உள்ளே போகாது, உடனே தெரிந்துவிடும். வோல்டேஜ் பொருந்தாவிட்டால் கருவி புகையும், அல்லது அரைகுறையாக இயங்கும், அதுவும் தெரிந்துவிடும். எர்த் அறுபட்டால் மட்டும் எதுவும் தெரிவதில்லை. இஸ்திரிப்பெட்டி வழக்கம்போலச் சூடாகும், கணினி வழக்கம்போல இயங்கும், ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடவும் கூடும். உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து உலோக உடலைத் தொடும் நாளில்தான் அந்த இழப்பு வெளிப்படும். அப்போது அதைக் கண்டுபிடிப்பது தொட்டவரின் கை.

ஆகவே, கைவசமுள்ள ஆறு வழிகளையும் இங்கே முதன்மையாக எர்த் என்ற கோணத்திலிருந்தே எடைபோடுகிறேன். இருபின் பயண அடாப்டர், எர்த் தொடர்புள்ள அடாப்டர், வயரை மட்டும் மாற்றுதல், பிளக்கை வெட்டி வேறு பொருத்துதல், டிரான்ஸ்ஃபார்மர், போகும் இடத்திலேயே கருவியை வாங்குதல் ஆகியவையே அந்த ஆறு.

## எவற்றைக் கொண்டு அளப்பது

எர்த். கருவியின் அடியிலோ முதுகிலோ உள்ள விவரப்பட்டையைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரையப்பட்டிருந்தால் அது இரட்டைக் காப்புடைய வகுப்பு 2 கருவி. அதற்கு எர்த் தேவையில்லை, பிளக்கிலும் இரண்டு பின்களே இருக்கும். பெரும்பாலான கைபேசி சார்ஜர்கள், சவரக் கருவிகள், முடி உலர்த்திகள் இந்த இனம். அந்தக் குறி இல்லாமல், பிளக்கில் எர்த் தொடர்பும் இருந்தால் அது வகுப்பு 1. இஸ்திரிப்பெட்டி, உலோக உடலுள்ள கெட்டில், மேசைக் கணினி, பல மடிக்கணினி அடாப்டர்கள் ஆகியவை இந்த இனத்தில் வரும். இவற்றில் அடிப்படைக் காப்பு ஒரே ஓர் அடுக்குதான். அது கெட்டால் இரண்டாம் அரணாக நிற்பது எர்த் கம்பி. ஃபேஸ் கம்பி உலோக உடலைத் தொட்ட கணத்தில் எர்த் வழியே பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸை எரித்துவிடும், அல்லது மின்னோட்டம் மிகும்போது தானே விழும் துண்டிப்பானான எம்.சி.பி.யைக் கீழே தள்ளிவிடும். எர்த் இல்லையென்றால் ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. உடல் முழு வோல்டேஜில் காத்திருக்கும்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு தேவைப்படுகிறது. உலோக உடலுள்ள மடிக்கணினியை வெளிநாட்டில் சார்ஜில் போட்டுவிட்டு விரலால் தடவும்போது மெல்லிய அதிர்வை உணர்ந்தவர்கள் பலர். மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றுமாகச் சிறு மின்தேக்கிகளை மின்வழங்கிக்குள் வைத்திருப்பார்கள். எர்த் அறுபட்டால் அவற்றின் நடுப்புள்ளி மிதந்து, 230 வோல்ட் நாட்டில் உடல் ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். பாயக்கூடிய மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் இந்த அதிர்வால் பொதுவாக ஆபத்தில்லை. எர்த் தேவைப்படாத இருபின் சார்ஜர்களிலும் இதே காரணத்தால் சிறு அதிர்வு வருவதுண்டு. ஆனால் மூன்று பின் வயரோடு வந்த கருவியில் அதிர்வு புதிதாகத் தோன்றினால், எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்பதற்கு அது தற்செயலாகக் கிடைத்த அறிவிப்பு. இஸ்திரிப்பெட்டி இத்தகைய அறிவிப்பு எதையும் தராது.

வோல்டேஜும் அதிர்வெண்ணும். விவரப்பட்டையில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் இந்தக் கவலை முடிந்தது. வெறும் 230 என்றோ 120 என்றோ இருந்தால் இரு மடங்கு வேறுபாட்டின் விளைவு நான்கு மடங்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் சூடேற்றும் சுருளின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் கெட்டில் 115 வோல்ட்டில் 500 வாட்தான் தரும். 120 வோல்ட்டுக்கான 1000 வாட் முடி உலர்த்தியை 240 வோல்ட்டில் செருகினால் அது 4000 வாட்டை இழுக்கப் பார்த்துக் கருகும்.

மின்னோட்டமும் ஃபியூஸும். 2000 வாட் என்பது 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவு. 120 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கும் மேல். இடையில் வரும் அடாப்டரும் வயரும் எத்தனை ஆம்பியரைத் தாங்கும் என்பதும், கோளாறு நேர்ந்தால் அதைத் துண்டிப்பது எது என்பதும் இந்தக் கணக்கில் அடங்கும்.

ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறுதல். எர்த் அளவுக்கு இது பெரிதல்ல. ஒரே கம்பியை மட்டும் துண்டிக்கும் ஒற்றைத் துருவச் சுவிட்ச் உள்ள கருவியில் இடம் மாறினால், அணைத்த பிறகும் உட்பகுதி ஃபேஸில் இருக்கும் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

இவற்றோடு, எவ்வளவு காலம் என்பதும் ஓர் அளவுகோலே. நான்கு நாள் தங்கலுக்கு ஏற்ற விடை நான்கு ஆண்டுக்கு ஏற்றதாகாது.

## சாக்கெட்டுகள், எர்த்தின் கண்ணால்

உலகச் சாக்கெட்டுகளை ஏ முதல் ஓ வரை எழுத்திட்டு அழைக்கும் வழக்கம் பயணிகளுக்கு வசதியானது. எந்த வகையில் எர்த் எப்படிச் சேர்கிறது, எங்கே சேராமல் ஏமாற்றுகிறது என்பதைக் கீழே தொகுத்திருக்கிறேன். பட்டியலில் சேர்க்காத ஹெச் வகை இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதிகளிலும், ஓ வகை தாய்லாந்திலும் மட்டும் காணப்படுபவை.

| வகை | பரவலாக உள்ள நாடுகள் | எர்த் சேரும் விதம் | ஏமாற்றும் இடம் |
|---|---|---|---|
| ஏ | அமெரிக்கா, கனடா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் | இல்லை | ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, பிலிப்பைன்ஸில் 220–230 வோல்ட். வடிவம் ஒன்றே |
| பி | அமெரிக்கா, கனடா, மெக்சிகோ | நீண்ட வட்டப் பின் | பழைய கட்டடங்களில் எர்த் துளையே இல்லாத சாக்கெட்டுகள் |
| சி | ஐரோப்பாவின் பெரும்பகுதி | இல்லை, 2.5 ஆம்பியர் வரை | மெல்லிய பின்கள் டி வகைத் துளையில் தளர்ந்து ஆடும் |
| டி, எம் | இந்தியா, நேபாளம். எம் வகை தென்னாப்பிரிக்காவிலும் | பெரிய மேல் பின் | எஃப் வகைப் பிளக் டி சாக்கெட்டில் நுழையும், எர்த் சேராது |
| இ | பிரான்ஸ், பெல்ஜியம், போலந்து, செக் குடியரசு | சாக்கெட்டிலிருந்து நீட்டியிருக்கும் பின் | பக்கத் தொடர்பு மட்டும் உள்ள பிளக்கை அந்தப் பின் தடுக்கும் |
| எஃப் | ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, ஸ்பெயின், தென்கொரியா | பக்கவாட்டு உலோகப் பட்டைகள் | திருப்பியும் செருகலாம். ஃபேஸ் எப்பக்கம் என்பது உறுதியில்லை |
| ஜி | பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் | நீண்ட மேல் பின். மற்ற இரு துளைகளின் உள்மூடியைத் திறப்பதும் அதுவே | எர்த் துளையில் எதையாவது குத்தி இருபின் பிளக்கைச் செருகும் பழக்கம் |
| ஐ | ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சீனா, அர்ஜென்டினா | செங்குத்தான தட்டைப் பின் | அர்ஜென்டினாவில் ஃபேஸும் நியூட்ரலும் ஆஸ்திரேலியாவுக்கு நேர்மாறு |
| ஜே | சுவிட்சர்லாந்து | நடுக்கோட்டிலிருந்து சற்று விலகிய பின் | பிரேசிலின் என் வகைபோலத் தோன்றும். விலகல் அளவு வேறு |
| கே | டென்மார்க் | அரைவட்டப் பின் | இ, எஃப் பொதுப் பிளக் நுழையும், எர்த் சேராது |
| எல் | இத்தாலி, சிலி | மூன்று பின்களும் ஒரே வரிசை | 10, 16 ஆம்பியர் என இரு அளவுகள் |
| என் | பிரேசில், தென்னாப்பிரிக்கா | நடுக்கோட்டிலிருந்து சற்று விலகிய பின் | பிரேசிலில் ஊருக்கு ஊர் 127 அல்லது 220 வோல்ட் |

இந்தப் பட்டியலில் என்னைக் கவலைகொள்ளச் செய்பவை நுழையாத பிளக்குகள் அல்ல, நுழைந்துவிடும் பிளக்குகள். எஃப் வகைப் பிளக்கின் பின்கள் 4.8 மில்லிமீட்டர் தடிப்பும் 19 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டவை. டி வகைச் சாக்கெட்டின் துளைகள் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர் பின்னுக்காக, அநேகமாக அதே இடைவெளியில் அமைந்தவை. எனவே ஐரோப்பாவிலிருந்து வந்த இஸ்திரிப்பெட்டி இந்தியச் சாக்கெட்டில் எந்த அடாப்டரும் இன்றி அழகாக உட்கார்ந்து வேலை செய்யும். அதன் பக்கவாட்டு எர்த் பட்டைகளோ பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். டென்மார்க்கின் கே வகையிலும் இதே கதைதான். சீனச் சுவர்களில் உள்ள தட்டைப் பின் துளைகளில் அமெரிக்க இருபின் பிளக் தடையின்றி நுழையும், ஆனால் அங்கே வருவது 220 வோல்ட். பலவகைப் பிளக்குகளையும் ஏற்கும் ‘யுனிவர்சல்’ சுவர்ச் சாக்கெட்டுகளை நான் வசதி என்று எண்ணுவதில்லை, ஏனெனில் எல்லா வடிவத்துக்கும் இடம்விட்ட துளை எந்தப் பின்னையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. தளர்ந்த தொடர்பு சூடேறும்; பக்கவாட்டு எர்த் உள்ள பிளக்குக்கு அங்கும் எர்த் கிடைக்காது.

## வழி 1: இருபின் பயண அடாப்டர்

விமான நிலையங்களில் எளிதாகக் கிடைப்பதும், பெட்டியில் இடம் பிடிக்காததும், பின்களை இழுத்துத் தள்ளி நான்கைந்து வடிவங்களுக்கு மாற்றிக்கொள்ளக்கூடியதும் இதுவே. கைபேசி, கேமரா, சவரக் கருவி போன்ற வகுப்பு 2 கருவிகளுக்கு இதைவிட மேலான ஒன்றைத் தேடுவது வீண். வோல்டேஜை இது மாற்றாது என்பதை மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

சிக்கல் அதன் முகப்பில் இருக்கிறது. இத்தகைய அடாப்டர்கள் பலவற்றில் மூன்று பின் பிளக்கும் நுழைவதற்கு மூன்றாவது துளை இருக்கும். அந்தத் துளைக்குப் பின்னால் எதுவும் இருக்காது. எர்த் பின் வெறும் பள்ளத்தில் போய் நிற்கும். வாங்குபவர் மூன்று துளைகளைப் பார்த்து எர்த் உண்டு என்று நம்புவார். பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் ‘எர்த் இல்லாத கருவிகளுக்கு மட்டும்’ என்ற எச்சரிக்கை இருக்கும். இந்த நம்பிக்கைதான் மறைமுகச் செலவு. இதில் வகுப்பு 1 கருவியைச் செருகுவது, எர்த் பின்னை வெட்டியெறிவதற்குச் சமம்.

உறுதிசெய்வது எளிது. அடாப்டர் சுவரில் செருகப்படாத நிலையில், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, மூன்றாவது துளைக்குள் ஒரு முனையையும் வெளியே நீட்டும் எர்த் பின்னிலோ பட்டையிலோ மறு முனையையும் வையுங்கள். ஒலித்தால் எர்த் உண்டு. வெளிப்புறத்தில் எர்த் பின்னே இல்லாமல் இரண்டு பின்கள் மட்டும் நீட்டினால் சோதனைக்கே வேலையில்லை. ஜி வகைக்கு மாற்றும் அடாப்டரில் மேல் பின் பிளாஸ்டிக்காக இருந்தாலும் அப்படியே; அது மூடியைத் திறக்க மட்டும் வைத்தது.

## வழி 2: எர்த் தொடர்புள்ள, ஒரே நாட்டுக்கான அடாப்டர்

ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மட்டும் மாற்றும் திடமான அடாப்டர் இது. எர்த் தொடர்புள்ள ஒன்றைக் கவனமாகத் தேர்ந்தால், வகுப்பு 1 கருவியைச் சில வாரங்கள் பயன்படுத்த இதுவே போதும். பல நாடுகளைச் சுற்றுபவர் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சுமக்க வேண்டும் என்பது குறை. ஆயினும் ஐரோப்பாவுக்கு ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு: சி.இ.இ. 7/7 எனப்படும் பொதுப் பிளக்கில் பக்கவாட்டு பட்டையும், பிரெஞ்சுப் பின்னை ஏற்கும் துளையும் சேர்ந்தே இருப்பதால், அந்த வடிவத்தைத் தரும் ஓர் அடாப்டரே இ, எஃப் ஆகிய இரு வகை நாடுகளுக்கும் எர்த்தோடு பொருந்தும். இத்தாலி, சுவிட்சர்லாந்து, டென்மார்க், ஜி வகை உள்ள பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றைத் தனியாக எண்ண வேண்டும்.

பிரிட்டனின் ஜி வகை தனிப் பேச்சுக்குரியது. 1947இல் வெளியான பி.எஸ். 1363 தரம் ஃபியூஸைப் பிளக்கிற்குள்ளேயே வைத்தது. அங்கு வீட்டின் சாக்கெட்டுகள் பலவும் ஒரே வளையச் சுற்றில் இணைந்து, 32 ஆம்பியர் துண்டிப்பானால் காக்கப்படுகின்றன. அந்த அளவு சுவருக்குள் ஓடும் வயரைக் காக்கும். கருவியின் மெல்லிய வயரைக் காக்காது. அதைக் காப்பது பிளக்கிலுள்ள 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாத அடாப்டர் வழியாகவோ, எர்த் துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்தோ வேற்று நாட்டுப் பிளக்கை அங்கே செருகுபவர் எர்த்தை மட்டுமல்லாமல் இந்தக் காவலையும் இழக்கிறார். ஜி வகைக்கு அடாப்டர் வாங்கினால் ஃபியூஸ் உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும்.

அடாப்டரின் பளுவும் கணக்கில் வரும். அடாப்டரும் பிளக்கும் சேர்ந்து சுவரிலிருந்து நீட்டி நிற்கும்போது நெம்புகோல்போல் தொங்கி இழுக்கும். ஏ, பி வகைச் சாக்கெட்டுகளில் இது மெதுவாகக் கழன்று, பின்களின் ஒரு பகுதி வெளியே தெரியும் நிலைக்கு வரும். ஓர் அடாப்டரின் மேல் இன்னோர் அடாப்டரை ஏற்றுவது இதை இரட்டிப்பாக்கும். இஸ்திரிப்பெட்டி, கெட்டில் போன்ற அதிக ஆம்பியர் கருவிகளை மணிக்கணக்கில் அடாப்டரில் ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பத்து நிமிடம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் நிறுத்திவிடுவது நல்லது.

## வழி 3: வயரை மட்டும் மாற்றுதல்

இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததும், மிகக் குறைவாக நினைக்கப்படுவதும் இதுதான் என்பது என் கருத்து. கருவியின் பக்கம் வயர் கழற்றக்கூடியதாக இருந்தால், அந்த முனை பெரும்பாலும் ஐ.இ.சி. 60320 என்ற உலகத் தரத்தில் ஒன்றாக இருக்கும். மடிக்கணினி அடாப்டர்களில் காணப்படும் மூன்று இலை வடிவ முனை சி-5, இது 2.5 ஆம்பியருக்கானது. மேசைக் கணினி, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றில் உள்ளது 10 ஆம்பியர் சி-13. சூடாகும் கெட்டில்களில் பள்ளம் வெட்டிய சி-15 இருக்கும்; பெரிய சர்வர்களில் 16 ஆம்பியர் சி-19. எட்டு வடிவத்தில் இரண்டே துளைகள் கொண்ட சி-7 வகுப்பு 2 கருவிகளுக்கானது. பெயரில் உள்ள ‘சி’ எழுத்துக்கும் சி வகை ஐரோப்பியப் பிளக்குக்கும் தொடர்பில்லை. கடையில் கேட்கும்போது இந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியின் வோல்டேஜ் பொருந்தினால், செல்லும் நாட்டின் பிளக் வார்க்கப்பட்ட வயர் ஒன்றே முழுத் தீர்வு. எர்த் சுவரிலிருந்து கருவிவரை அறுபடாமல் வரும்; இடையில் தளர்ந்த தொடர்பு ஏதுமில்லை; ஜி வகையானால் ஃபியூஸும் அதிலேயே இருக்கும். பழைய வயரைப் பத்திரப்படுத்தினால் திரும்பி வந்த பின் கருவி பழையபடியே இயங்கும்.

இரண்டு பொறிகள் இதிலும் உண்டு. முதலாவது, ஒரு முனையில் மூன்று துளையும் மறுமுனையில் இரண்டு பின்னுமாக வரும் வயர்கள். கருவியில் சரியாகப் பொருந்தும், எர்த் பாதி வழியில் முடிந்துவிடும். ஜப்பானில் இத்தகைய வயர்களின் பிளக்கருகே பச்சை நிறத்தில் ஒரு குறுங்கம்பி தொங்கும். அங்குள்ள சில சாக்கெட்டுகளில் தனியே இருக்கும் எர்த் திருகில் மாட்டுவதற்கானது அது. திருகு இல்லாத இடத்தில் அந்தக் கம்பி ஆடிக்கொண்டு கிடப்பதும், அதன் முனை துளைக்குள் போகும் வாய்ப்பும் விரும்பத்தக்கவை அல்ல. இரண்டாவது பொறி வயரின் தடிப்பு: முனை சி-13 ஆகவே இருந்தாலும், திரைக்கு வந்த மெல்லிய வயரைச் சூடேற்றும் கருவிக்கு மாட்டக் கூடாது. வயரின் மேலுறையில் அச்சிட்டுள்ள ஆம்பியரையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் படித்துவிட்டே மாட்ட வேண்டும்.

## வழி 4: பிளக்கை வெட்டிப் புதியதைப் பொருத்துதல்

வயர் கழற்ற முடியாத வகுப்பு 1 கருவியோடு ஒரே நாட்டில் நீண்ட காலம் தங்கப்போகிறவருக்கு, வோல்டேஜ் பொருந்தும் பட்சத்தில், இது நியாயமான வழி. செலவு சிறிது, எர்த் முழுமை. ஆனால் கை தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, ஏனென்றால் நிறங்கள் நாட்டுக்கு நாடு பொருள் மாறுகின்றன. இன்று பெரும்பாலான நாடுகளில் கருவி வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றிய பழைய வயர்களில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வட அமெரிக்காவிலோ கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். ஆக, ஒரு மரபில் நியூட்ரலான கறுப்பு, இன்னொரு மரபில் உயிருள்ள கம்பி. நினைவை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டிய இடம் இது.

எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுவது பொருத்துபவர்களின் நல்ல வழக்கம். யாராவது வயரை வெடுக்கென்று இழுத்தால் கடைசியாகப் பிடுங்கப்படுவது எர்த்தாக இருக்கும். இழைகளின் நுனியில் ஈயம் வைத்துத் திருகுக்கடியில் நசுக்கும் பழக்கம் தவறு, ஏனெனில் ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழிந்து நாளடைவில் திருகு தளரும். வயரின் மேலுறை பிளக்கின் பிடிக்குள் மாட்டியிருக்க வேண்டும். வெட்டிய பழைய பிளக்கை அப்படியே எறிந்துவிடாமல் பின்களை வளைத்து அழிக்க வேண்டும், ஏனெனில் வால் நீட்டிய பிளக்கை ஒரு குழந்தை எடுத்துச் சாக்கெட்டில் செருகிவிட்டால், வெளியே தெரியும் செம்பில் முழு வோல்டேஜும் இருக்கும். கருவியின் உத்தரவாதம் இந்த வெட்டோடு போய்விடலாம் என்பதையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

## வழி 5: டிரான்ஸ்ஃபார்மர்

230 வோல்ட் கருவியை 120 வோல்ட் நாட்டிலோ, அதற்கு நேர்மாறாகவோ இயக்கியே தீர வேண்டும் என்பவருக்கு மட்டும் இந்த வழி. ஆயிரம் வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ எடை இருக்கும். கருவி ஓடாதபோதும் செருகி வைத்தால் சூடாகும், முனகும், மின்சாரம் தின்னும். இலேசான எடையில் ‘1600 வாட் கன்வெர்ட்டர்’ என விற்கப்படுபவை மின்னலையை வெட்டித் தருபவை; எளிய சூடேற்றும் கருவிகளுக்குச் சிறிது நேரம் உதவலாம், மின்னணுக் கருவிகளைக் கெடுத்துவிடும்.

அதிர்வெண்ணை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென அமைந்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழன்று, கூடுதலாகச் சூடேறும். எர்த் என்ற அளவுகோலில் வைத்தால் இங்கே தனியான ஐயம் ஒன்றும் எழுகிறது: சந்தையில் கிடைப்பவற்றில் பல, உள்ளீடும் வெளியீடும் ஒரே சுருளைப் பகிரும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். ‘டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இருப்பதால் சுவரிலிருந்து பிரிந்துவிட்டோம்’ என்ற எண்ணம் அவற்றுக்குப் பொருந்தாது. எர்த் உள்ளிருந்து வெளிவரை தொடர்கிறதா என்பதை அடாப்டருக்குச் சொன்ன அதே மீட்டர் சோதனையால் பார்த்துவிட வேண்டும்.

பலரும் யோசிக்காத ஒன்று, வரிசையாகப் பல சாக்கெட்டுகள் கொண்ட பவர் ஸ்டிரிப். 120 வோல்ட் நாட்டில் வாங்கிய, மின்னெழுச்சிக் (திடீர் வோல்டேஜ் உயர்வு) காப்புள்ள ஸ்டிரிப்பை அடாப்டர் வைத்து 230 வோல்ட்டில் செருகினால், அதிலுள்ள காப்புக் கூறு வழக்கமான வோல்டேஜையே மின்னெழுச்சியாக எண்ணி மின்னோட்டத்தை இழுத்துக் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். கருவிகள் எல்லாம் 100–240 வோல்ட்டாக இருந்தாலும் ஸ்டிரிப் அப்படியல்ல.

## வழி 6: அங்கேயே வாங்குதல்

சூடேற்றும் கருவிகளுக்கும், மோட்டார் உள்ள சமையல் கருவிகளுக்கும் நீண்ட தங்கலில் இதுவே விடை. வோல்டேஜ், அதிர்வெண், வடிவம், எர்த், ஃபியூஸ் என எல்லாம் ஒரே வாங்கலில் முடிகின்றன. உத்தரவாதமும் அந்த நாட்டிலேயே செல்லும். திரும்பும்போது அதை விட்டுவர வேண்டியிருக்கும் என்பதுதான் உண்மையான செலவு. அந்தச் செலவை டிரான்ஸ்ஃபார்மரின் விலையோடும் எடையோடும் ஒப்பிட்டால் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வாங்காமல் தங்குமிடத்தில் கேட்டுப் பெற முடிந்தால் அதைவிட நல்லது. சில நாள் பயணத்துக்கு இஸ்திரிப்பெட்டியைச் சுமப்பதற்கு எந்த அளவுகோலிலும் ஆதரவில்லை.

## எவருக்கு எது

கைபேசியும் கேமராவுமாகப் பல நாடுகளைச் சுற்றுபவருக்கு வழி 1 போதும். மூன்று பின் மடிக்கணினியோடு ஓராண்டு படிக்கச் செல்பவர் வழி 3ஐயே தேர்ந்தெடுக்கலாம். சென்று இறங்கும் நாளுக்கு மட்டும் வழி 2 கைகொடுக்கும். மேசைக் கணினியும் திரையும் கொண்டு குடிபெயர்பவருக்கும் வயர் மாற்றமே, ஆனால் பழைய மேசைக் கணினிகளின் மின்வழங்கியில் 115/230 என்ற சிறு சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அதை முதலில் திருப்ப வேண்டும். கழற்ற முடியாத வயருள்ள தையல் இயந்திரத்தை ஒரே அதிர்வெண்ணும் வோல்டேஜும் உள்ள நாட்டுக்குக் கொண்டுசெல்பவர் வழி 4ஐ மின்பணியாளரைக் கொண்டு செய்துகொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மரை, மாற்று கிடைக்காத, விலை உயர்ந்த, குறைந்த வாட் கருவிக்கென்று ஒதுக்கிவைக்கிறேன். கெட்டிலுக்காக அதை வாங்குபவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

## சுவரின் பக்கம்

எர்த் பின் சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் சுவருக்குள் எர்த் கம்பி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1962ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வீட்டின் எல்லாக் கிளைச் சுற்றுகளிலும் எர்த் உள்ள சாக்கெட்டுகளைக் கோரியது. அதற்கு முந்தைய கட்டடங்களில் இரண்டு துளைச் சாக்கெட்டுகள் இன்னும் உண்டு. அங்கே மூன்று பின் பிளக்கை இரண்டு துளையில் செருக உதவும் சிறிய மாற்றியில் ஒரு காது இருக்கும். அதைச் சாக்கெட் மூடியின் திருகில் மாட்டவேண்டும், அந்தத் திருகும் எர்த் உள்ள உலோகப் பெட்டியோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டும் உறுதியில்லாதபோது அது வெறும் அலங்காரம். எர்த் இல்லாத பழைய சுற்றில் மின்கசிவுத் துண்டிப்பான் கொண்ட சாக்கெட்டை, ‘கருவி எர்த் இல்லை’ என்று எழுதி ஒட்டி, பொருத்த அந்நாட்டு விதி இடம் தருகிறது.

ஆர்.சி.டி. எனப்படும் இந்தத் துண்டிப்பான் ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்க்கிறது. வேறுபாடு பல நாடுகளின் வீடுகளில் 30 மில்லி ஆம்பியரை, வட அமெரிக்காவில் 4 முதல் 6 மில்லி ஆம்பியரை எட்டும்போது துண்டித்துவிடும். எர்த் இல்லாவிட்டாலும் இது இயங்கும். ஆனால் எர்த் இருந்தால் கோளாறு நேர்ந்த கணத்திலேயே துண்டிக்கும், இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகே துண்டிக்கும். பலகையிலுள்ள ஆர்.சி.டி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தி அது விழுவதைப் பார்த்துவிட்டு, எர்த்தும் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அந்தப் பொத்தான் தனக்குள்ளேயே ஒரு சிறு வேறுபாட்டை உருவாக்கிக்கொள்கிறது. சுவரின் எர்த் கம்பியை அது தொடுவதே இல்லை. சாக்கெட்டில் செருகும் மூன்று விளக்குச் சோதனைக் கருவி எர்த் அறவே இல்லாததைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் யாரோ சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் முனையை நியூட்ரலோடு முடிச்சிட்டு வைத்திருந்தால் அதுவும் ‘சரி’ என்றே விளக்கெரியும். அந்த முடிச்சுக்கு முன்னால் நியூட்ரல் எங்கேனும் அறுபட்டால், கருவியின் உலோக உடல் ஃபேஸாகிவிடும். வாடகைக்கு எடுக்கும் பழைய வீட்டில் இதைக் கண்டறிய, சாக்கெட் மூடியைத் திறந்து பார்க்க உரிமம் பெற்ற மின்பணியாளரை ஒரு மணி நேரம் அழைப்பதைத் தவிர வேறு குறுக்குவழியை நான் அறியேன்.